படலைக்கு முன்னால் பாடசாலை வாகனங்கள்

கேள்வி: கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு வீதியில் எங்கள் வீடு. நேர் எதிரே ஒரு பாடசாலையின் வாசல். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. காலையில் பரவாயில்லை, மத்தியானத்தில் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, வான் எல்லாம் எங்கள் படலையை மறித்துக்கொண்டு நிற்கின்றன. தார் 16 அடி அகலம்; இரண்டு பக்கமும் 4 அடி, 5 அடி மண் ஓரம். போன மாதம் அப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது 1990 என்ற அவசர இலக்கத்தில் அழைத்த அம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் பத்து வீடு தள்ளி நின்றுவிட்டது. அவரைத் தள்ளுகட்டிலில் வைத்து வாகனங்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு படலைக்கு முன்னால் கல் வைத்தேன். பிள்ளையை ஏற்ற வந்த ஒருவர் இறங்கிவந்து சண்டை பிடித்தார். லண்டனில் தங்கை இருக்கும் வீதியில் வாகனம் நிறுத்த அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் பேர்மிற்றாம். இங்கே அப்படிச் செய்ய வழியில்லையா? 'வாகனம் நிறுத்த வேண்டாம்' என்று நாங்களே போட் போட்டால் சட்டப்படி செல்லுமா? எங்கள் வேம்பின் நிழலுக்குத்தான் எல்லாரும் வந்து நிற்கிறார்கள், அதைத் தறித்தால் போய்விடுவார்கள் என்று மகன் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்:

ரீச்சர், முதல் வேலையாக அந்தக் கல்லை எடுத்து வளவுக்குள் போடுங்கள். உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் வீதியில் தடை போடும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. மாரி இருட்டில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் ஒரு பிள்ளை அதில் முட்டி விழுந்தால், இவ்வளவு நாளும் உங்கள் பக்கம் இருந்த நியாயம் ஒரே நாளில் மறுபக்கம் போய்விடும்.

சட்டத்தில் உங்களுக்கு இருப்பதையும் இல்லாததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் படலையால் போய்வர உங்களுக்கு உரிமை உண்டு. வீதியில் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக வாகனத்தை விடுபவர் மீது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பொலிஸார் நடவடிக்கை எடுக்கலாம். படலையை மறிப்பது அதற்குள் வரும். ஆனால் படலைக்கு இரண்டு பக்கமும் உங்கள் மதிலோரமாக நீண்டு கிடக்கும் வீதி உங்களுடையது அல்ல. அங்கே ஒரு ஓட்டோ நிற்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், குற்றம் ஆகாது. இந்த வித்தியாசத்தை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் அதிபரோடும் பொலிஸாரோடும் பேசுவது பாதி சுலபமாகிவிடும். முறைப்பாடு கொண்டுவருபவர்களில் அநேகர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் கொண்டுவருவார்கள். கேட்கிற அதிகாரி இரண்டாவதைச் சாட்டாக வைத்து முதலாவதையும் தட்டிக்கழித்துவிடுவார்.

போட் விசயமும் அப்படித்தான். உங்கள் படலையில் நீங்கள் மாட்டும் பலகை ஒரு வேண்டுகோள் மட்டுமே. மாட்டுவதில் பிழையில்லை, ஆனால் சட்டப்படி செல்லுபடியாகும் அறிவிப்பை வீதிக்குப் பொறுப்பானவர்கள்தான் நடவேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. அதற்கும் உள்ளே போகும் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபையின் கையில் இருக்கும். உங்கள் வீதி கரைச்சிப் பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்குள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். யாருடைய வீதி என்று தெரியாமல் எழுதும் கடிதம் கந்தோருக்குக் கந்தோர் சுற்றும். அதற்குள் பாடசாலையில் ஒரு தவணை முடிந்துவிடும்.

இனி லண்டன் பேர்மிற். உங்கள் தங்கை சொன்னது சரி. ஆனால் அது எதற்கு வந்தது என்று பாருங்கள். அங்கே பல வீதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, முற்றம் கிடையாது, குடியிருப்பவரின் காரே இரவும் பகலும் வீதியில்தான் நிற்கவேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் எங்கே போவார்? அதற்காகத்தான் பேர்மிற். அதை வாங்கினாலும் தன் வாசலில் இடம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. அந்தப் பகுதியில் எங்காவது நிறுத்தலாம், அவ்வளவுதான். உங்கள் வீதியில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வளவுக்காரர் யார் வாகனத்தை வீதியில் விடுகிறார்? எல்லாரும் உள்ளே கொண்டுபோய் மாமரத்துக்குக் கீழே விடுகிறீர்கள். பேர்மிற் தந்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? அதோடு, அதைப் பார்வையிட ஆள் வைத்துத் தண்டம் அறவிடுவதற்கு இங்கே எந்தப் பிரதேச சபையிடமும் ஆட்பலம் இல்லை.

அங்கிருந்து கடன் வாங்கவேண்டியது வேறொன்று. பாடசாலை தொடங்கும்போதும் விடும்போதும் மட்டும் வாசல் வீதியை வாகனங்களுக்கு மூடிவிடுவது. 1989 இல் இத்தாலியின் போல்சானோ நகரில் தொடங்கிய வழக்கம் இது. இன்று லண்டனில் மட்டும் இப்படியான பாடசாலை வீதிகள் 500 ஐத் தாண்டிவிட்டன. அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். உங்கள் எதிர்ப் பாடசாலைக்கு உருத்திரபுரத்திலிருந்தும் வட்டக்கச்சியிலிருந்தும் பரந்தனிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். வீதியை மூடினால் அந்தக் கூட்டம் முழுவதும் ஏ9 ஓரத்தில் போய் நிற்கும். ஓடும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் பக்கத்தில் பிள்ளைகளை ஏற்றுவதைவிட உங்கள் படலை மறிபட்டால் பரவாயில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் அடிப்படை நமக்கும் பொருந்தும்: வீதியை நாள் முழுவதற்கும் திருத்தப் பார்க்காதே, சிக்கல் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் பிடி.

ஏனென்றால் உங்களுக்கு இருப்பது வாகனத் தரிப்பிடப் பற்றாக்குறை இல்லை. காத்து நிற்கும் பிரச்சினை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காலையில் பரவாயில்லை என்று. காலையிலும் அதே பிள்ளைகள்தானே, அதே வாகனங்கள்தானே? பிறகு ஏன் மத்தியானம் மட்டும் அடைபடுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை மணி நேரத்தில் 120 வாகனங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 4. காலையில் பிள்ளையை இறக்கி, தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போக ஒரு நிமிடம். ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் வீதியில் நிற்பவை 4 தான். மத்தியானம் அதே வேகத்தில்தான் வருகிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் 15 நிமிடம் முன்னரே வந்து நிற்கிறார்கள். அப்போது ஒரே நேரத்தில் நிற்பவை 60. வாகனத்தின் தொகையில் ஒன்றுகூடக் கூடவில்லை. நிற்கும் நேரம் 15 மடங்கு ஆனது, நெரிசலும் 15 மடங்கு ஆனது. காத்திருப்பைப் பாதியாகக் குறைத்தால் 60 என்பது 30 ஆகும், ஒரு சதம் செலவில்லாமல்.

ஏன் முன்னரே வருகிறார்கள்? பிள்ளை வெளியே வந்து தேடிக்கொண்டு நிற்கக்கூடாது என்ற பயம் ஒன்று. நல்ல இடம் போய்விடும் என்ற அவசரம் மற்றது. நல்ல இடம் எது? அதைத்தான் உங்கள் மகன் சொல்லிவிட்டார். கிளிநொச்சி வெயிலில் ஒரு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து நிற்கும் அம்மாவுக்குப் பாடசாலை வாசல் எவ்வளவு தூரம் என்பது முக்கியமில்லை. நிழல் எங்கே என்பதுதான் முக்கியம். உச்சிவெயிலில் மதிலின் நிழல் பெரிதாக விழாது. அந்த வீதியில் நிழல் என்று இருப்பது உங்கள் வேம்பு மட்டும்தான் போலிருக்கிறது. சீற் சுடக்கூடாது என்று ஸ்கூட்டியை அதற்குள் தள்ளிவிட்டுத் தானும் அருகில் நிற்கிறாள். அவள் உங்கள் படலையைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே, வேம்பைத் தறித்தால் போய்விடுவார்கள் என்று மகன் சொல்வதும் உண்மைதான். போய்விடுவார்கள், அடுத்த வீட்டு மரத்துக்கு. நீங்களும் அப்பாவும் சித்திரை வெயிலில் வெந்துகொண்டு இருப்பீர்கள். தறிக்கவேண்டாம். எதிர்ப்பக்கத்தில் நிழல் செய்யப் பாருங்கள்.

எதிர்ப்பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாடசாலை மதிலோரம் நெடுகிலும் வீட்டுப் படலை கிடையாது. அந்தப் பக்கம் நிற்கும் வாகனம் யாரையும் மறிக்காது. அங்கே நிற்பவரின் பிள்ளை வீதியைக் கடக்கவும் தேவையில்லை. இப்போது உங்கள் பக்கம் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வருகிறது, அதுவும் இரண்டு வான்களுக்கு நடுவால். ஹையேஸ் வானுக்குப் பின்னால் தரம் இரண்டுப் பிள்ளை நின்றால் வருகிற ஓட்டோக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் பாடசாலை மதில் பக்கம் மட்டும் நிறுத்துவது, வீட்டுப் பக்கத்தில் ஒன்றும் நிறுத்தாமல் விடுவது, பாடசாலை வாசலுக்கு இரண்டு பக்கமும் 30 அடி எதுவுமே நிற்காமல் வெறுமையாக விடுவது. இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை. உங்கள் படலையைவிட அந்த 30 அடி முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். கடிதம் எழுதும்போது அதையே முன்னால் போடுங்கள்.

அகலத்தையும் பார்ப்போம். வான் ஒன்று கிட்டத்தட்ட 6 அடி. தாரின் இரண்டு பக்கமும் வான் நின்றால் 16 இல் மிஞ்சுவது 4 அடி. அப்பாவுக்கு நடந்தது இதுதான். ஒரு பக்கம் மட்டும் நின்றால் மிச்சம் 10 அடி. மண் ஓரத்தில் பாதியை ஏற்றி நிறுத்தினால் இன்னும் கூட. அம்புலன்ஸ் மட்டுமல்ல, கோடையில் வரும் தண்ணீர் பவுசரும், அறுவடைக் காலத்தில் பெட்டி கொழுவிய உழவு இயந்திரமும் தாராளமாகப் போகலாம். மோட்டார் சைக்கிள்களை வீதிக்குக் குறுக்காக நிறுத்த விடவேண்டாம். ஒன்று ஆறரை அடி நீளம், அப்படியே தாருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். சரித்து, மதிலைப் பார்த்தபடி, மண் ஓரத்தோடு நிறுத்தச் சொல்லவேண்டும்.

ஆனால் மாரி வந்தால் இந்த ஒழுங்கு குலையும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண் ஓரம் சேறு. சாறியோடு வரும் தாய் அதில் கால் வைக்கமாட்டார், வான்காரர் சில்லுப் புதையும் என்று ஏறமாட்டார். எல்லாரும் தாருக்கு ஏறிவிடுவார்கள். கோடையில் ஒரு நல்ல ஒழுங்கைச் செய்துவிட்டு, மழை தொடங்கியதும் அது கலைந்துபோவதைப் பல இடங்களில் காணலாம். ஆட்கள் ஒத்துழைக்கவில்லை என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். காரணம் சேறு. மதில் பக்க ஓரத்துக்குக் கொஞ்சம் கிரவல் போட்டு இறுக்கினால் போதும். பிரதேச சபையிடம் நீங்கள் கேட்கவேண்டிய ஒரே செலவு இதுதான். தவிசாளருக்கும் இதைச் செய்வது போட் நடுவதைவிட இலகு. பக்கத்தில் மழைநீர் ஓடும் கான் இருந்தால் அதன் மேல்மூடிகளில் வான் ஏறாதபடியும் பார்க்கவேண்டும். அவை உடைந்தால் அடுத்த மழைக்கு வெள்ளம் உங்கள் முற்றத்தில்.

நிழலுக்கு வருகிறேன். மதிலுக்கு உட்பக்கம், கிளை வெளியே விழும்படி மரம் நடவேண்டும். வேம்பு, புங்கை, மலைவேம்பு எதுவும் சரி. மலைவேம்பு கெதியாக எழும்பும். அது வளரும்வரை மதிலோரம் நாலு குழாயை நட்டு மேலே பச்சை வலை இழுத்துக் கட்டலாம். வீதி ஓரத்தில் நடுவதானால் வீதிக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி வேண்டும். மதிலுக்கு உள்ளே நட்டு வெளியே சரித்தால் அதிபரின் சம்மதமே போதும். இன்னும் நல்லது, மைதானத்துப் பக்கம் ஒரு வாசல் இருந்தால் விடும் நேரத்தில் அதைத் திறந்து, பெற்றோரை உள்ளே மரங்களுக்குக் கீழே நிற்கவைப்பது. பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள். ஆட்களை விடாவிட்டாலும் மோட்டார் சைக்கிள்களையாவது வாசலுக்கு உட்பக்கம் நிறுத்த விடலாமா என்று கேளுங்கள்.

இதற்கு முன்னர் செய்யவேண்டிய, ஒருவரும் யோசிக்காத ஒரு வேலை இருக்கிறது. காலை ஏழரைக்கு மணி அடித்த பிறகு, எட்டு மணிக்கு, படலையால் வெளியே வந்து பாருங்கள். இன்னும் நிற்கும் வாகனங்கள் எவை? அனேகமாக யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்களை ஏற்றிவரும் வான், இரண்டொரு ஆசிரியர்களின் கார், பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்றரைவரை சீற்றைச் சரித்துப் படுத்திருக்கும் பாடசாலை வான்காரர். இவைதான் உண்மையான தரிப்பு. தொகையில் ஐந்தோ ஆறோ இருக்கும், ஆனால் வேம்புக்குக் கீழே முதல் இடம் இவர்களுடையது. மத்தியானம் வரும் தாய்க்கு மிச்சம் இருப்பது உங்கள் படலைதான். இவர்கள் முகம் தெரியாத கூட்டம் இல்லை. ஒவ்வொருவரையும் அதிபருக்குப் பெயர் சொல்லித் தெரியும். பாடசாலை வளவுக்குள் விடச் சொன்னால் விடுவார்கள். ஒரு கிழமையில் முடியும் வேலை.

அதிபரிடம் கேட்கக்கூடிய அடுத்தது, வகுப்புகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வெளியே அனுப்புவது. சின்ன வகுப்புகள் ஏற்கெனவே முந்தி விடுகின்றன. பெரிய வகுப்புகளில் சைக்கிளில் போகிறவர்களை முதலிலும், நடந்து போகிறவர்களை அடுத்தும், ஏற்றிப்போக ஆள் வருபவர்களைப் பத்து நிமிடம் கழித்தும் விட்டால், சைக்கிள் பிள்ளைகள் வாகனங்களுக்குள் நெளிந்து போகும் ஆபத்தும் குறையும். அந்தப் பத்து நிமிடம் ஒழுங்காக, நாள் தவறாமல் நடக்கவேண்டும். ஒரு நாள் ஒன்றரைக்கு, மறுநாள் ஒன்று நாற்பதுக்கு என்றால் பெற்றோர் பயத்தில் மறுபடி ஒரு மணிக்கே வந்துவிடுவார்கள்.

உங்கள் வீதி பின்னால் வேறு வீதியில் போய் ஏறுகிறதா? நகரின் குடியிருப்பு வீதிகள் பல சதுரமாக வெட்டியவை என்பதால் ஏறும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் விடும் நேரத்தில் எல்லாரும் ஏ9 பக்கத்தால் வந்து பின்வழியால் போகும்படி பெற்றோருக்குள் ஒரு உடன்பாடு செய்யலாம். இது சட்டப்படியான ஒருவழிப் பாதை அல்ல, மீறுபவரை ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் பாதிப்பேர் கேட்டாலே வாகனங்கள் பின்னுக்கு எடுத்துத் திருப்பும் வேலை குறையும். பின்னுக்கு எடுக்கும்போது சின்னப் பிள்ளைகள் அடிபடக்கூடும் என்பதால் இதைச் சும்மா வசதி என்று நினைக்கவேண்டாம்.

யுத்தம் முடிந்து 2010 அளவில் சனம் ஊர் திரும்பியபோது இந்த வீதியில் சைக்கிள்தான் ஓடியது. பிறகு லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது, ஓட்டோ வந்தது. வீதி அதே 16 அடி. அதனால் வருகிறவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பஸ் நேரத்துக்கு வராத ஊரில் பிள்ளையைத் தாய் ஏற்றி இறக்கத்தான் செய்வாள்.

இனி எப்படித் தொடங்குவது. ஒரு கிழமை, பாடசாலை நாட்களில், மத்தியானம் ஒரு மணி முதல் இரண்டு மணிவரை விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும் வாகனங்களை எண்ணுங்கள். ஓடுவதை எண்ணவேண்டாம், நிற்பதை மட்டும். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, வான், கார் என்று நாலு கட்டம். வீட்டுப் பக்கம், பாடசாலைப் பக்கம் என்று இரண்டு வரி. காலை எட்டு மணிக்கும் ஒருமுறை. மகனுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள், கத்தியை மறந்துவிடுவார். வாகன இலக்கங்களைக் குறிக்கவோ ஆட்களைப் படம் எடுக்கவோ வேண்டாம். அடுத்த சண்டை அதிலிருந்துதான் வரும்.

அந்தத் தாளோடு முதலில் அதிபரிடம் போங்கள், பொலிஸுக்குப் போக முன்னர். முதலில் பொலிஸுக்குப் போனால் பாடசாலை தன்னைக் காப்பாற்றப் பார்க்கும், பிறகு ஒன்றும் நடக்காது. அதிபர் ஒத்துக்கொண்டால் விசயத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கு எடுப்பிக்கலாம். உங்களிடம் படித்தவர்கள் இரண்டு பேராவது அந்தச் சங்கத்தில் இருப்பார்கள், ரீச்சர். அவர்கள் வாயால் வந்தால் இன்னும் நல்லது. வாசலில் நின்று வாகனங்களை ஒழுங்குபடுத்த இரண்டு பெற்றோர் முறைவைத்து முன்வந்தால் போதும். மாணவத் தலைவர்களை வீதிக்கு இறக்க விடாதீர்கள். வாகனத்தை மறிப்பது பெரியவர்களின் வேலை.

பிறகுதான் பிரதேச சபைக்கும் போக்குவரத்துப் பொலிஸுக்கும். சபைக்கு எழுதும்போது கிரவலையும், வீட்டுப் பக்கம் நிறுத்தத் தடையையும் கேளுங்கள், பிரதியை உங்கள் வட்டார உறுப்பினருக்கும் கிராம அலுவலருக்கும் கொடுங்கள். பொலிஸுக்கு எழுதும்போது ஒன்றைக் கவனித்துச் சேருங்கள்: வாகன வரிசை எப்போதாவது ஏ9 வரைக்கும் நீள்கிறதா, உள்ளே திரும்ப முடியாமல் பிரதான வீதியில் வாகனங்கள் நிற்கின்றனவா? அப்படியானால் அதை முதல் வரியில் எழுதுங்கள். உங்கள் படலைக்கு வராத பொலிஸ்காரர் ஏ9 மறிபட்டால் வருவார்.

அப்பாவுக்காக இதெல்லாம் முடியும்வரை காத்திருக்க முடியாது. பாடசாலை வாசலில் நிற்கும் வாயிற்காவலரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். 1990 க்கு அழைத்தவுடன் அடுத்த அழைப்பு அவருக்கு. உள்ளிருந்து ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஐம்பது பேரும் அம்புலன்ஸுக்கு வழிவிடுவார்கள். 1990 காரர்களிடம் பின்வழியையும் சொல்லிவிடுங்கள்.

சண்டை பிடித்தவர் மறுபடி வந்தால், கல்லைப் பற்றியே பேசவேண்டாம். வேம்புக்குக் கீழே நிற்கட்டும், படலையை மட்டும் விடச் சொல்லுங்கள். அதற்கு அவர் மறுத்தால் இலக்கத்தைக் குறித்துப் பொலிஸில் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எண்ணிய தாளைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். ஒன்று இருபதுக்கு எத்தனை நிற்கிறது, அதில் வான் எத்தனை என்று தெரிந்தால், மதில் பக்கம் எல்லாவற்றுக்கும் இடம் போதுமா, மைதான வாசலைத் திறந்தே ஆகவேண்டுமா என்று சொல்லிவிடுவேன்.